பழைய கழிவுநீர் இசைவாணைகளை ரத்து செய்யணுமா, திருத்தணுமா? கிருஷ்ணகிரி, தருமபுரி சிறு ஆலைகள்

பெண்ணைக்கரை:

காவேரிப்பட்டணம் பக்கத்துல இருக்கற நாங்க கொஞ்சம் பேர், வர்ற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல கொடுக்க ஒரு மனு எழுதிக்கிட்டிருக்கோம். கொடுக்கறதுக்கு முன்னாடி ஆலை நடத்தறவங்களும் படிச்சுக் கருத்துச் சொல்லட்டும்னு இங்க போடறேன்.

நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் மாங்கூழ் ஆலை, ஜவ்வரிசி ஆலை, சாயப்பட்டறை, முலாம் பட்டறை, கிரானைட் பாலிஷ்னு சின்னச் சின்னதா நிறைய ஓடுது. இதுக்கெல்லாம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட இசைவாணை வேணும், அதாவது கழிவுத் தண்ணி விட எழுத்துல கொடுக்கற அனுமதி. அந்த ஆணைகள்ல சிலதோட வாசகம், 2004-ல கிருஷ்ணகிரி தனி மாவட்டமா பிரியறதுக்கு முன்னாடி எழுதினது. புதுப்பிக்கறப்ப தேதி மாறுது, கட்டணம் மாறுது. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி, எந்த நிலத்துல விடணும்ங்கற பக்கம் மட்டும் அப்படியே வருது. இடையில ஆலை வளந்திருக்கு, பக்கத்துல ஊர் வளந்திருக்கு, ஓடை சுருங்கியிருக்கு.

நாங்க கேக்கறது இது. மூடிப்போன ஆலையோட ஆணைய முறைப்படி ரத்து பண்ணணும். ஓடற ஆலைய நேர்ல வந்து அளந்து பாத்து ஆணையத் திருத்தி எழுதணும். திருத்தினத ஊராட்சி அலுவலகத்துல தமிழ்ல ஒட்டணும். இதுக்கெல்லாம் ஒரு கெடு வெக்கணும். கெடுவுக்குள்ள விவரம் தராத ஆலையோட ஆணை தானா ரத்தாகணும்.

கடைசி வரில எங்களுக்குள்ளயே ஒத்துவராதவங்க இருக்காங்க. பேசலாம்.

கூழ் ஆலை, போச்சம்பள்ளி:

மனு எழுதறவங்க மேல எனக்குக் கோபம் இல்லீங்க. ஆனா அந்தக் கடைசி வரி எங்களை மூடறதுக்கான வரி.

நான் சின்னக் கூழ் ஆலை வெச்சிருக்கேன். மே மாசம் அல்போன்சால ஆரம்பிச்சு, பெங்களூரா மாங்கா முடியறப்ப ஜூலை ஆகும், தள்ளிப்போனா ஆகஸ்ட். அவ்வளவுதான் எங்க வருஷம். மீதி மாசமெல்லாம் கதவு பூட்டியிருக்கும். ஏற்றுமதி ஆர்டர் எடுக்கற பெரிய ஆலைங்களுக்குக் கூலிக்கு அரைச்சுக் கொடுக்கறோம், விலைய அவங்கதான் சொல்றாங்க. இதுல இசைவாணைக் கட்டணம் ஆலையோட சொத்து மதிப்ப வெச்சுக் கணக்கு. ஆடிட்டர் சான்று வாங்கி, தண்ணி ஆய்வு அறிக்கை வாங்கி, வரைபடம் போட்டு, இத்தனையும் ஒரு கெடுவுக்குள்ளன்னா யாரால முடியும்? பெரிய ஆலைல இதுக்குன்னே தனி ஆள் இருக்கான். எங்க வீட்ல நானும் என் தம்பியும்தான்.

அப்புறம் பெங்களூரு. அந்த ஊர்க் கழிவு தென்பெண்ணைல இறங்கி, கெலவரப்பள்ளி அணைல நுரை பொங்கி ரோட்டு வரைக்கும் வருது. டிவில வருது, பசுமைத் தீர்ப்பாயத்துல வழக்கு வருது, மறு வருஷமும் அதே நுரை. அத விட்டுட்டு ரெண்டு மாசம் மாங்கா கழுவற தண்ணிய அளக்க வர்றீங்க. நியாயமா இது?

பெண்ணைக்கரை:

> அத விட்டுட்டு ரெண்டு மாசம் மாங்கா கழுவற தண்ணிய அளக்க வர்றீங்க

விடலை அண்ணா. அதுக்குத் தனியா மனு கொடுத்திருக்கோம், கொடுத்துக்கிட்டேயும் இருப்போம். ஆனா எங்க ஊர்க் கிணத்துல ஜூன் மாசம் வர்ற புளிச்ச வாடை ஆத்துல இருந்து வர்றதில்ல. ஆத்துக்கு வடக்க இருக்கற ஓடைல இருந்து வருது. மே முதல் வாரத்துல அந்த வாடை இருக்காது. கூழ் அரைக்க ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல வந்துரும். மாட்டுக்கு அந்தத் தண்ணி வெச்சா முகத்தத் திருப்பிக்குது. பெங்களூருக்காரன் தப்பு பண்றான்ங்கறதுக்காக இந்த ஓடைய நாங்க விட முடியுமா?

கெடு பத்திப் பேசலாம். அளக்கவே வேணாம்னு சொன்னீங்கன்னா ஒத்துக்க மாட்டேன்.

நீர்ப்பொறியாளர்:

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைக்கும் தொழிலில் இருக்கிறேன். ‘மாங்காய் கழுவும் தண்ணீர்’ என்று சொல்லும்போது அதன் கனம் தெரிவதில்லை, அதனால் கொஞ்சம் கணக்கு.

கழிவின் வலுவை பி.ஓ.டி. என்று அளக்கிறோம். தண்ணீரில் கலந்திருக்கும் சர்க்கரை, மாவு, சாறு இவற்றை நுண்ணுயிர்கள் தின்னும்போது எவ்வளவு ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்கின்றன என்பதே அந்த அளவு. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ள பொதுத் தரப்படி, ஆறு, ஓடையில் விட்டால் லிட்டருக்கு 30 மில்லிகிராம், பாசன நிலத்தில் விட்டால் 100, நகரின் பொதுச் சாக்கடையில் விட்டால் 350. பழக்கூழ் ஆலையின் தரை கழுவிய நீர், கொட்டையும் தோலும் கசிந்த நீர் எல்லாம் சேர்ந்தால் இது ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு சின்ன ஆலை நாளுக்கு 30 கன மீட்டர் விடுகிறது, லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் நாளுக்கு 90 கிலோ. ஒரு மனிதர் ஒரு நாளில் சாக்கடைக்கு அனுப்புவது ஏறத்தாழ 45 கிராம். ஆக அந்தச் சின்ன ஆலை, ஓடும் நாட்களில் 2,000 பேர் வாழும் ஊரின் சாக்கடைக்குச் சமம். அதுவும் கோடையில், ஓடையில் கலந்து நீர்க்க வேறு தண்ணீரே இல்லாத நேரத்தில்.

அதே சமயம் போச்சம்பள்ளி நண்பர் தரப்பில், அவரே சொல்லாத ஒரு நியாயம் இருக்கிறது. சுத்திகரிப்புத் தொட்டியில் வேலை செய்வது உயிருள்ள நுண்ணுயிர்கள். பத்து மாதம் தீனி இல்லாமல் கிடந்த தொட்டியை மே மாதம் ஓட்டினால் அவை பெருகி வேலைக்கு வர மூன்று வாரமாவது ஆகும். சாணக் கரைசலோ, ஓடிக்கொண்டிருக்கும் வேறு சுத்திகரிப்பு நிலையத்துச் சேறோ கொண்டுவந்து போட்டால் கொஞ்சம் சீக்கிரம். எப்படியும் பருவத்தில் ஒரு பங்கு போன பிறகுதான் தொட்டி ஒழுங்காக ஓடும். ஆணையிலோ ஆண்டு முழுக்க ஒரே அளவு, ஒரே தரம். ஆலை பூட்டியிருக்கும் டிசம்பரில் மாதிரி எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஜூன் முதல் வாரத்தில் எடுத்தால் எந்தக் கூழ் ஆலையும் தேறாது.

இந்த ஆணையை அப்படியே வைத்திருப்பதால் ஓடைக்கும் பயன் இல்லை, ஆலைக்கும் பயன் இல்லை. எந்த மாதம், எந்தத் தண்ணீர், எங்கே போகிறது என்று பார்த்துத்தான் நிபந்தனை எழுத வேண்டும். திருத்தம் வேண்டும் என்று நான் சொல்வது அதற்காக.

கூழ் ஆலை, போச்சம்பள்ளி:

சார், நீங்க சொல்ற மூணு வாரம் நூத்துக்கு நூறு உண்மை. இத யாரும் எழுத்துல சொன்னதில்ல.

ஆனா 2,000 பேர் ஊர்னு நீங்க போட்ட கணக்கு நாளைக்கே என் பேர்ல ஒரு மனுவா போகும். அந்த 2,000 பேர் ஊரு சாக்கடை எங்க போகுதுன்னு யாராவது கேக்கறாங்களா? நம்ம பேரூராட்சி சாக்கடையெல்லாம் ஏரிலதான் இறங்குது.

அரூர் மரவள்ளி:

நான் அரூர் பக்கம். எங்களுக்குக் குச்சிக்கிழங்குதான் எல்லாம். கிழங்கு போடறதும் நாங்கதான், ஜவ்வரிசி ஆலைப் பக்கத்துல குடியிருக்கறதும் நாங்கதான். அதனால ஆலைய மூடுன்னு என்னால சொல்ல முடியாது. ஆலை நின்னா கிழங்கு வெலை படுத்துரும். வெட்டின கிழங்கு ரெண்டு மூணு நாளைக்கு மேல தாங்காது, கருத்துப்போயிரும். வேற எங்க கொண்டுபோறது?

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். எங்க ஊர்ல ஒரு ஆலை, பேர் வேணாம். அதோட ஆணைல கழிவுத் தண்ணிய ‘ஆலைக்குச் சொந்தமான நிலத்தில் பாசனத்துக்கு’ விடணும்னு போட்டிருக்கு, சர்வே எண்ணோட. அந்த நிலத்துல பாதி இப்ப வீட்டு மனை. கல்லு நட்டு, ரோடு போட்டு, சில மனைல வீடே கட்டியாச்சு. ஆணைல இன்னும் அது பாசன நிலம். அப்ப தண்ணி எங்க போகுது? மீதிப் பாதில தேங்கி நிக்குது, மழைக்காலம் வந்தா வாணியாத்துக்குப் போற ஓடைல வழியுது. பால் மாதிரி வெள்ளையா போகும். ரெண்டு நாள்ல கருத்து நாறும். எங்க தென்னை ஓலை நுனில காஞ்சுக்கிட்டு வருது.

ஆலைக்காரர்கிட்ட கேட்டா, ‘எனக்கு ஆணை இருக்கு, பாருங்க’ன்னு எடுத்துக் காட்டறார். ஆணை இருக்கறது உண்மைதான். அந்த நிலம்தான் இல்ல.

போச்சம்பள்ளி அண்ணா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது, என் வீட்லயும் கடன் இருக்கு. ஆனா அளந்து பாக்கறதே தப்புன்னு சொன்னா, எங்க வீட்டுப் பின்னாடி நிக்கற இந்தத் தண்ணிய யாரும் பாக்க வர மாட்டாங்க.

நீர்ப்பொறியாளர்:

அரூர் அம்மா சொன்ன அந்த நிலம் போனது சாதாரண விஷயம் இல்லை. ஒரு நிலம் எவ்வளவு கழிவுநீரைத் தாங்கும் என்பதற்கு அளவு இருக்கிறது. சர்க்கரை ஆலைகளுக்கான விதியில் மண் வாரியாகவே கொடுத்திருக்கிறார்கள்: மணல் மண்ணுக்கு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 225 முதல் 280 கன மீட்டர் வரை, களிமண்ணுக்கு வெறும் 35 முதல் 55 வரை. அதுவும் சுத்திகரித்த நீருக்கு. ஜவ்வரிசி ஆலைக்கும் அதே மண் அறிவியல்தான். நிலம் பாதியானால் விடக்கூடிய தண்ணீரும் பாதியாக வேண்டும். மண் களிமண் என்றால் இன்னும் குறைய வேண்டும். மரவள்ளிப் பாலில் சயனைடு வகைச் சேர்மமும் இருப்பதால், தேங்க விடுவது கிணற்றுக்கு நல்லதல்ல.

ஜவ்வரிசி ஆலைக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. அந்த நீரிலிருந்து மீத்தேன் எடுக்கலாம். சேலம் பக்கம் பல ஆலைகள் எரிவாயுக் கலன் போட்டு மின்சாரச் செலவைக் குறைத்திருக்கின்றன. கூழ் ஆலைக்கு இது பொருந்தாது. ரெண்டரை மாதப் பருவத்துக்குக் கலன் கட்டினால் போட்ட முதல் திரும்பாது.

தருமபுரி வக்கீல்:

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் வைத்துக்கொண்டு பேசினால் பாதிச் சண்டை குறையும்.

‘கெடு தாண்டினால் தானாக ரத்து’ என்ற வரியை மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். அது நிற்காது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தில் இசைவாணை பற்றியது 25-ஆவது பிரிவு. ஆணைக்கு ஒரு காலவரம்பு உண்டு, காலம் முடிந்தால் அது செல்லாது. காலம் இருக்கும்போதே நிபந்தனையை மாற்றவோ நீக்கவோ வேண்டுமென்றால் 27-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு வழி கொடுக்கிறது: வாரியம் அவ்வப்போது நிபந்தனைகளை மறு ஆய்வு செய்யலாம், அறிவிப்புக் கொடுத்து நியாயமான மாற்றம் செய்யலாம். பிடிக்காதவர் 28-ஆவது பிரிவின்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு போகலாம். அதற்கு மேல் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஆக, திருத்தக் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. ஒருவரையும் கேட்காமல் கூட்டமாக ரத்து செய்யத்தான் வழி இல்லை. இருக்கவும் கூடாது. சொல்ல இடம் கொடுக்காமல் ஒருவரின் தொழிலை நிறுத்துவதை நான் எதிர்க்கிறேன், அந்த ஆலை எவ்வளவு மோசமாக இருந்தாலும்.

அரூர் அம்மா சொன்னது போன்ற இடத்துக்கு வேறு பிரிவு இருக்கிறது. 33ஏ-வின்படி மூடச் சொல்லலாம், மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லலாம். 2017-இல் உச்ச நீதிமன்றமும், இயங்கும் சுத்திகரிப்பு வசதி இல்லாத ஆலைகளுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்து அதன்பின் ஓட விடக்கூடாது என்று உத்தரவிட்டிருக்கிறது.

பெண்ணைக்கரைக்காரர் கேட்ட ‘ஊராட்சியில் ஒட்டணும்’ என்பதற்கு அடித்தளம் சட்டத்திலேயே கிடக்கிறது. 25-ஆவது பிரிவின் ஆறாம் உட்பிரிவு: நிபந்தனைகளின் பதிவேடு ஒன்றை வாரியம் வைத்திருக்க வேண்டும், பாதிக்கப்படுகிறவர் அதை நேரில் பார்க்கலாம். தகவல் உரிமைச் சட்டம் வருவதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்த உரிமை இது. இதைக் கேட்டுப் போகிறவரை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ரத்து என்றாலே தண்டனை என்று கூழ் ஆலை நண்பர் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2016-இல் மத்திய வாரியம் மாசு மதிப்பெண் போட்டு ஆலைகளை வகைப்படுத்தியது. அன்றைய அளவின்படி 60-உம் அதற்கு மேலும் சிவப்பு, 41 முதல் 59 ஆரஞ்சு, 21 முதல் 40 பச்சை, 20 வரை வெள்ளை. வெள்ளை வகைக்கு இசைவாணையே வேண்டாம், தெரிவித்தால் போதும். வெள்ளைக்குப் போய்விட்ட சின்னத் தொழில்களின் பழைய ஆணைகளை முறைப்படி முடித்துவைத்தால் அவர்களுக்கு அது விடுதலை.

கூழ் ஆலை, போச்சம்பள்ளி:

வக்கீல் சார், எழுத்துல எல்லாம் அழகா இருக்கு. ‘நியாயமான மாற்றம்’னு சொல்றீங்க. நியாயம்னு யார் முடிவு பண்றது? மறு ஆய்வுன்னு ஒருத்தர் ஜீப்புல வந்து இறங்கினா, அன்னிக்கு என் நிலைமை என்ன? மேல்முறையீடு சென்னைல. ஜூன் மாசம் நோட்டீஸ் வந்தா, 30 நாள்ல என் பருவமே முடிஞ்சுரும். ஜெயிச்சாலும் மாங்கா அழுகித்தான் இருக்கும்.

மறு ஆய்வு வெச்சா பூட்டியிருக்கற மாசத்துல வெக்கணும். அக்டோபர்ல வாங்க, உக்காந்து பேசலாம், எல்லாக் காகிதமும் காட்டறேன்.

பெண்ணைக்கரை:

அக்டோபர்ல வந்து என்னத்த அளக்கறது? ஓடை காஞ்சிருக்கும், இல்ல மழைத் தண்ணி ஓடும்.

நீர்ப்பொறியாளர்:

இரண்டும் வேண்டும். ஜூனில் அளவெடுப்பது, அக்டோபரில் ஆணை எழுதுவது. ஜூனில் எடுத்த மாதிரி தண்டனைக்கு அல்ல, ஆணை எழுதுவதற்கு மட்டும்தான் என்று முதல் ஆண்டுக்கு எழுத்தில் சொல்லிவிட்டால் ஆலைக்காரர் கதவைத் திறப்பார். பயந்த ஆலைக்காரர் மாதிரி எடுக்கும் அன்று தொட்டியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கலந்து விடுவார். அந்த அளவை வைத்து எழுதும் ஆணை மறுபடியும் பொய்தான்.

ஓசூர் பட்டறை:

நான் சின்ன முலாம் பட்டறை வெச்சிருக்கேன். வண்டிக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்யறவங்க எங்ககிட்ட துத்தநாக முலாம் போடுவாங்க. இங்க எல்லாரும் திருத்தம்னா ஆலைக்காரனுக்கு நஷ்டம்னு பேசறீங்க. எனக்குத் திருத்தாம இருக்கறதுதான் நஷ்டம்.

என் ஆணை எழுதினப்ப, முலாம் மேல போடற காப்புப் பூச்சுக்கு நாங்க ஓட்டினது ஆறு இணைதிறன் குரோமியம். அது விஷம்னு எல்லாருக்கும் தெரியும். பொதுத் தரத்துல லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான் அனுமதி. வண்டிக் கம்பெனிங்க அது வேணாம்னு சொன்னதால நாங்க மூணு இணைதிறனுக்கு மாறினோம். தொட்டி மாத்தினோம், கழுவற தண்ணிய அடுத்தடுத்த தொட்டில திரும்பப் பயன்படுத்தறோம், விடற தண்ணி பாதிக்கு மேல கொறஞ்சிருச்சு. சேறு கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவுக் கிடங்குக்குப் போகுது, சீட்டெல்லாம் வெச்சிருக்கேன். ஆனா ஆணைல இன்னும் பழைய ரசாயனம், பழைய தண்ணி அளவு. கம்பெனி தணிக்கைக்கு வர்றவன் ஆணையையும் பட்டறையையும் ஒப்பிட்டுப் பாத்துட்டு ‘பொருந்தலை’ன்னு எழுதிட்டுப் போறான். நல்லது பண்ணினவனுக்கு ஆர்டர் கைவிட்டுப் போகுது.

அளவக் கொறைச்சதுக்கான திருத்தத்துக்கும், புது ஆலைக்குக் கேக்கற அத்தனை காகிதமும் கட்டணமும் ஏன்? மனுவுல இத ஒரு வரியா சேருங்க: கழிவக் கொறைக்கற மாற்றத்துக்குக் கட்டணம் இல்லாத, சுருக்கமான திருத்தம் வேணும். இது வந்தா பாதிப் பேர் தானா முன்வருவாங்க.

பென்னாகரம் ஆசிரியர்:

மூடிப்போன ஆலைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. அது வெறும் காகித வேலை என்று நினைத்துவிட வேண்டாம்.

எங்கள் பக்கம் ஒரு பழைய பட்டறைக் கொட்டகையில் இப்போது கேன் தண்ணீர் ஆலை ஓடுகிறது. பட்டறையின் பேரில் வாங்கிய மின் இணைப்பு, பட்டறையின் பேரில் வாங்கிய இசைவாணை. புதுத் தொழிலுக்கு யாரும் எதுவும் வாங்கவில்லை. தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு இருப்பது எல்லோருக்கும் தெரியும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆர்.ஓ. இயந்திரம் பாதித் தண்ணீரைச் சுத்தமாக்கி, மீதிப் பாதியில் புளோரைடை எல்லாம் அடைத்து வெளியே விடுகிறது. குடிநீரில் அதிகபட்ச அனுமதி லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அந்த அளவுள்ள கிணற்று நீரை எடுத்துப் பாதியைக் கழித்தால், கழிவில் ஏறத்தாழ 3. ஓடையில் விட அனுமதித்த அளவு 2. இந்தக் கழிவு கொட்டகைக்குப் பின்னால் குழியில் இறங்கி, மறுபடி அதே ஊர்ப் பிள்ளைகள் குடிக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போகிறது. என் வகுப்பில் பற்களில் பழுப்புக் கறை இல்லாத வரிசையே கிடையாது.

மூடின அன்றே பட்டறையின் ஆணையை முடித்துவைத்திருந்தால், புதிதாக வந்தவர் கேட்டு வாங்க வேண்டியிருந்திருக்கும். அப்போது யாராவது ஒருவர் அந்தக் குழியைப் பார்த்திருப்பார்.

அரூர் மரவள்ளி:

வாத்தியார் சொல்றது எங்க ஊருக்கும் பொருந்தும். ஆலை கை மாறினா, தொழில் மாறினா, நிலம் வித்தா, இந்த மூணுல எது நடந்தாலும் ஆணை திரும்ப எழுதணும்னு ஒரு வரி போடுங்க. கெடு எல்லாம் வேணாம். மனை போடறதுக்கு ஒப்புதல் கொடுக்கறப்பவே, இது கழிவுத் தண்ணி விடற நிலமான்னு கேட்டிருந்தா எங்களுக்கு இந்தக் கதி இல்ல.

தருமபுரி வக்கீல்:

இது நல்ல வரி. ‘கெடு’ என்பதற்குப் பதில் இதைப் போட்டால் 27-ஆவது பிரிவுக்குள் அழகாக உட்காரும். எல்லா ஆலைகளையும் ஒரே நேரத்தில் கூப்பிட வேண்டியதில்லை. மாற்றம் நடந்த இடத்தில் மறு ஆய்வு. எதிர்த்து வழக்குப் போடவும் பெரிதாகக் காரணம் கிடைக்காது.

பெண்ணைக்கரை:

கெடு வேணாம்னு எல்லாரும் சொல்றீங்க. சரி, ‘தானா ரத்து’ங்கறத எடுத்துடறேன், சட்டத்துல நிக்காதத எழுதிப் பிரயோசனம் இல்ல. ஆனா காலமே சொல்லாம ‘அவ்வப்போது’ன்னு விட்டா இன்னும் 20 வருஷம் போகும். எந்த மாற்றமும் நடக்காத ஆலையையும் புதுப்பிக்கற அன்னிக்கு நேர்ல அளக்காம புதுப்பிக்கக் கூடாதுன்னு போடறேன். இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழைய வாசகத்தையே மறுபடி மறுபடி அச்சடிக்கறதாலதான் இந்தப் பேச்சே வந்தது.

கூழ் ஆலை, போச்சம்பள்ளி:

புதுப்பிக்கற அன்னிக்கு அளக்கறத நான் ஏத்துக்கறேன். ஜூன்ல அளந்து அக்டோபர்ல எழுதறதும் சரி, பொறியாளர் சார் சொன்ன மாதிரி முதல் வருஷ அளவுக்குத் தண்டனை இல்லன்னு எழுத்துல இருந்தா. கொட்டையும் தோலும் தண்ணில படாம தனியா எடுக்கணும்னு நிபந்தனை போட்டாலும் சரி, அது எனக்கே நல்லது. ஊராட்சில ஒட்டறதுலயும் எனக்கு ஆட்சேபம் இல்ல. என் ஆலையோட அளவு எழுதின அதே பலகைல பேரூராட்சி சாக்கடையோட அளவையும் எழுதுங்க.

ஆனா அந்த மூணு வாரம். தொட்டி ஓட ஆரம்பிக்கற வரைக்கும் 30 மில்லிகிராம்னு என்னைப் பிடிக்கக் கூடாது. இது ஆணைல இல்லன்னா நான் மனுவுல கையெழுத்து போட மாட்டேன். எங்க சங்கத்துல யாரும் போட மாட்டாங்க.

பெண்ணைக்கரை:

அந்த மூணு வாரத் தண்ணி எங்க போகும்னு எழுதாம நானும் போட மாட்டேன் அண்ணா. எங்க கிணத்துல வாடை வர்றதே அந்த மூணு வாரத்துலதான்.

நீர்ப்பொறியாளர்:

ஓடைக்குப் போகாமல் பிடித்து வைக்கலாம். நாளுக்கு 30 கன மீட்டர் என்றால் 21 நாளுக்கு 630. இருபது மீட்டருக்குப் பதினாறு மீட்டர், இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு குட்டை, அடியிலும் பக்கத்திலும் தடித்த பாலித்தீன் விரிப்பு. அது 640 பிடிக்கும். அதற்கு மேல் வழியாமல் இருக்க அரை மீட்டர் கரை. தோலும் கொட்டையும் போகாமல் பார்த்துக்கொண்டு, மேற்பரப்பில் ஒரு காற்றூட்டி ஓட்டினால் நாற்றத்தைக் கட்டுக்குள் வைக்கலாம். தொட்டி வேலைக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து மாந்தோப்புக்கே விடலாம். இயந்திரம் கழுவக் காஸ்டிக் சோடாவுக்குப் பதில் பொட்டாஷ் வகைக் காரம் பயன்படுத்தினால் சோடியம் மண்ணைக் கெடுக்காது, தோப்புக்குச் சாம்பல் சத்தும் கிடைக்கும். விலை கூடுதல்தான்.

கூழ் ஆலை, போச்சம்பள்ளி:

எனக்கு அந்த இடம் இருக்கு சார். பின்னாடி அரை ஏக்கர் சும்மாதான் கெடக்கு. ஆனா ரோட்டோரம் இருக்கற ஆலைங்க நாலு பக்கமும் சுவரோட நிக்குது. அவங்க எங்க குட்டை வெட்டுவாங்க? ரெண்டு மூணு ஆலை சேந்து ஒரு குட்டை, டேங்கர்ல கொண்டுபோய்க் கொட்டலாம்னா, ஒரு ஆலைத் தண்ணிய இன்னொருத்தன் நிலத்துல வெக்க ஆணைல இடம் இருக்கா?

தருமபுரி வக்கீல்:

தடை இல்லை, ஆனால் குட்டைக்குத் தனி இசைவாணை வேண்டும். ஓடும் ஆலைகள் ஒவ்வொன்றின் ஆணையிலும் தண்ணீர் எங்கே போகிறது என்று அந்தக் குட்டையின் சர்வே எண்ணைச் சேர்க்க வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செய்வது போலத்தான். நிலத்தை விற்றால் எல்லா ஆணைகளும் மறு ஆய்வுக்கு வரும் என்று அரூர் அம்மாவின் வரியை அதிலும் எழுதுங்கள்.

பெண்ணைக்கரை:

பொதுக் குட்டைய மனுவுல சேக்கறேன். ஓசூர் தம்பியோட கட்டணமில்லாத் திருத்தம், வாத்தியார் சொன்ன மூடின ஆலைப் பட்டியல், கை மாறினா மறு ஆய்வு, இதெல்லாம் சேந்தாச்சு. மூணு வாரச் சலுகைய இப்படி எழுதறேன்: குட்டை வெட்டி, விரிப்புப் போட்டு, அத நேர்ல பாத்துச் சான்று கொடுத்த ஆலைக்கு மட்டும். குட்டை இல்லாதவங்களுக்குச் சலுகை இல்ல.

போச்சம்பள்ளி அண்ணா, இதுக்கு உங்க சங்கம் ஒத்துக்குமான்னு கேட்டுச் சொல்லுங்க. கூட்டம் மாசக் கடைசி வெள்ளிக்கிழமை.

கூழ் ஆலை, போச்சம்பள்ளி:

நான் ஒத்துக்கறேன். ரோட்டோர ஆலைக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க, இப்பவே சொல்லிடறேன். பொதுக் குட்டைக்கு இடம் பாக்கற வரைக்கும் அவங்களுக்கு ஒரு பருவம் அவகாசம் கேப்பாங்க. ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டத்துல மனுவ அப்படியே வாசிக்கறேன். நீங்களும் வாங்க, கிணத்துத் தண்ணி ஒரு பாட்டில் கொண்டுவாங்க.

பெண்ணைக்கரை:

வர்றேன் அண்ணா. அரூர் அக்காவும் வர முடிஞ்சா அந்தச் சர்வே எண் இருக்கற ஆணை நகலக் கொண்டுவாங்க.